முதுகில் ஒரு சிங்கம்

அறுபது வயது வரைக்கும் என் முதுகைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. தொந்தியைப் பற்றிப் பேசாத ஆள் கிடையாது. கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன் நான். திண்டுக்கல்லில் எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்கார வைத்துவிடுவார்கள். தொந்தி அப்படிச் சேர்ந்த சொத்து. முதுகு பாவம், பின்னால் தன்பாட்டுக்கு இருந்தது. போன வருஷம் அதற்கும் ஒரு காலம் வந்தது. சொந்தபந்தம் அத்தனையும் உட்கார்ந்து என் முதுகைப் பற்றியே பேசியது. அதைப் பார்க்காத ஒரே ஆள் நான்தான்.

கதையை நெஞ்சிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிரியாணி அண்டா ஒன்றை வண்டியில் ஏற்றக் கை கொடுத்தேன். ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி நெஞ்சை ஏதோ பிழிந்தது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு ரத்தக் குழாயில் அடைப்பு, அதில் ஒன்று முழுசாகவே மூடிக்கிடக்கிறது, அதை இப்போது திறந்துவிடலாம், மற்றதை உடம்பு கொஞ்சம் தேறியபிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். என்னைவிட ரொம்ப இளையவர். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் கிண்டல் பேசுகிற ஆள்.

மணிக்கட்டு வழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டு, எக்ஸ்ரேயில் உள்ளே பார்த்துக்கொண்டே வேலை செய்தார். எனக்கு மயக்கம் எதுவும் கொடுக்கவில்லை. மல்லாந்து படுத்தபடி, பக்கத்துத் திரையில் என் நெஞ்சு துடிப்பதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் ஒரு பெரிய எக்ஸ்ரே பெட்டி என்னையே முறைத்துக்கொண்டிருந்தது. மூடிக்கிடந்த குழாய் லேசில் வழிவிடவில்லை. டாக்டர் ஒரு கம்பியை எடுத்து இன்னொரு கம்பி போட்டார், அதையும் எடுத்து வேறொன்று போட்டார்.

"உங்க குழாய் உங்க ஊர்ப் பூட்டு மாதிரியே இருக்கே" என்றார்.

"எங்க ஊருல தெறக்குறதுக்கும் ஆளு இருக்கு டாக்டர், கூட்டியாரச் சொல்லவா?" என்றேன்.

பேசாமல் படுக்கச் சொன்னார்கள். காலையில் படுத்தவன் வெளியே வரும்போது மதியச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. ஆனால் பூட்டு திறந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? எனக்குத் தலைகால் புரியவில்லை. மூச்சு இவ்வளவு தாராளமாக வரும் என்பதே மறந்துபோயிருந்தது. காலையில் மலைக்கோட்டை அடிவாரத்தைச் சுற்றி நடந்தேன். நடந்து முடித்து, இன்னொரு தரம் நடந்தேன். பூ மார்க்கெட்டில் என் மனைவிக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு, பேரம் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். கடையில் அண்டாக்களுக்கு நடுவே நின்றுகொண்டு விசிலடித்தேன். அண்டாவுக்குள் விசிலடித்தால் அது திருப்பி அடிக்கும் என்பதை இத்தனை வருஷத் தொழிலில் அப்போதுதான் கண்டுபிடித்தேன்.

"இங்கேருங்க, செத்த நேரம் சும்மா இருங்க. பாக்குறவுக என்ன நெனப்பாக?" என்பாள் என் மனைவி. சொல்லிக்கொண்டே பூவை வைத்துக்கொள்வாள்.

மதுரைக்கு ஒரு தடவை செக்கப்புக்குப் போய்வந்தோம். நெஞ்சு, முதுகு எல்லாம் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். அடுத்த குழாய்க்குத் தேதி பிறகு சொல்வதாகச் சொன்னார். அப்போது என் முதுகு வழித்துத் துடைத்த மாதிரிதான் இருந்தது.

அரிப்பு பிறகுதான் ஆரம்பித்தது. வலது தோள்பட்டைக்குக் கீழே, கை எட்டாத அந்த இடத்தில். கரண்டிக்காம்பால் சொறிந்தேன், கதவு நிலையில் தேய்த்தேன், யானை மரத்தில் உரசுகிற மாதிரி நிம்மதியாக இருந்தது. ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவனுக்கு முதுகில் பவுடர் போட வந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க இது? சதுரமா செவந்து கெடக்கு. எதுலயும் சாஞ்சீகளா?"

"எதுல சாய? ஒன்மேலதான் சாயணும்" என்றேன். அந்தக் காலகட்டத்தில் நான் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

வத்தலக்குண்டில் இருக்கும் தன் தம்பிக்கு அனுப்புவதற்காக என் முதுகைப் போனில் படம் எடுத்தாள். அனுப்பியதோ குடும்ப வாட்ஸப் குரூப்புக்கு. நான் மேல்துண்டைப் போட்டு முடிப்பதற்குள் பதில்கள் வரத் தொடங்கின. வேர்க்குரு என்றார்கள். பூரான் கடித்திருக்கும் என்றார்கள். புதுச் சட்டையின் லேபிள் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருவர். சம்பந்தியம்மா என்னவென்று நினைத்தாரோ, இரண்டு கையும் கூப்பிய படம் போட்டுவிட்டார். மருத்துவம் படித்தவர்கள் யாரும் எங்கள் குரூப்பில் இல்லை. அந்தக் குறை எங்களுக்கு அன்று கொஞ்சமும் தெரியவில்லை.

மச்சினன் மறுநாள் காலையிலேயே பைக்கில் வந்து இறங்கினான். எனக்குப் பின்னால் போய் நின்று பார்த்தான்.

"மாமா, இது அக்கி. சந்தேகமே வேணாம். ஒரு பக்கமா வந்திருக்கு பாருங்க. எழுதிட்டா போயிரும்."

எங்கள் பக்கத்தில் அக்கிக் கொப்புளம் வந்தால் ஊசி மருந்தைத் தேட மாட்டார்கள். மண்பானை செய்கிறவர் வீட்டுக்குப் போவார்கள். அவர் காவிக்கல்லைக் குழைத்து, வெந்த இடத்தின்மேல் சிங்கம் எழுதிவிடுவார். சிங்கத்தைப் பார்த்து அக்கி ஓடிவிடும் என்பது கணக்கு. வெறும் வயிற்றில், அடுத்தடுத்து மூன்று காலை எழுத வேண்டும். முடிகிறவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது. பாதியில் அழித்தால் அக்கி உள்ளே இறங்கிவிடும் என்பார்கள்.

சாணார்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு மச்சினன் என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான். அங்கிருந்தவர் என்னைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்தார். கோழி இறகைக் காவியில் முக்கி முதுகில் வைத்ததும் எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தேன்.

"ஆடாம இருங்க அப்பு. சிங்கத்துக்குக் காலு கோணிரும்" என்றார்.

கோணித்தான் போயிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "வாலு மட்டும் நல்லா வந்திருக்கு" என்றாள். இரண்டாவது காலை போனபோது, நேற்றைய கோட்டின்மேலேயே இன்னொரு பூச்சு. சிவந்த இடம் மொத்தமும் காவிக்குள் மறைந்துபோனது. அரிப்பு குறைந்த மாதிரிகூட எனக்குத் தோன்றியது. சிங்கத்தைச் சுமக்கிறோம் என்ற மிதப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அந்த மிதப்பு அன்று சாயங்காலமே இறங்கியது. மண்டபத்து மாடிப்படியில் பாதி ஏறும்போது பழைய பிழிசல் திரும்ப வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மிச்சம் இருந்த குழாய் ஞாபகப்படுத்துகிறது என்று புரிந்தது. போன் செய்ததும், தேதியெல்லாம் பார்க்க வேண்டாம், காலையிலேயே வந்துவிடுங்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

"மூணாவது எழுத்து?" என்றாள் என் மனைவி.

"சிங்கத்தையும் கூட்டிக்கிட்டுப் போவம். டிக்கெட்டா கேக்கப் போறாக?"

அவள் முகத்தைப் பார்த்தபிறகு நான் அதற்குமேல் விளையாடவில்லை. அவளுக்கு உண்மையிலேயே பயம். எழுத்து முடியாமல் கிடக்கிறது, அதுவும் நெஞ்சுக்கு நேர் பின்னால். அக்கி உள்ளே இறங்கினால் எங்கே இறங்கும் என்று அவள் யோசித்து முடித்திருந்தாள்.

மதுரையில் ஆஸ்பத்திரிச் சட்டையைக் கொடுத்து மாற்றச் சொன்னார்கள். இந்தச் சட்டைக்கு முதுகே கிடையாது, பின்னால் இரண்டு முடிச்சு மட்டும்தான். நர்ஸ் ஒரு சின்னப் பெண், சுறுசுறுப்பானவள்.

"ஏற்கனவே ஒரு தடவ பண்ணிருக்கீங்கல்ல? டாக்டர் முதுகைப் பாக்கச் சொன்னார். திரும்புங்க ஐயா."

திரும்பினேன். பின்னாலிருந்து அடக்க முடியாத ஒரு சிரிப்பு கேட்டது. பக்கத்து அறையிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள்.

"ஐயா, முதுகுல என்ன இது, நாய்க்குட்டியா?"

"சிங்கம்" என்றாள் என் மனைவி விறைப்பாக.

நானும் சிரித்தேன். சிரிப்பு நெஞ்சைப் பிடித்தபோதும் சிரித்தேன். டாக்டர் உள்ளே வந்தார், சிங்கத்தைப் பார்த்தார், அவர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"எப்ப வந்துச்சு இது?"

"செக்கப்புக்கு வந்துட்டுப் போனதுக்கு அப்புறம்" என்றேன்.

"கொப்புளம் இருந்துச்சா? எரிஞ்சுச்சா?"

"இல்ல டாக்டர். அரிப்புதான்."

"இதைத் துடைச்சுட்டுத் தோலைப் பாக்கணும்" என்றார் நர்ஸிடம்.

என் மனைவி எனக்கும் நர்ஸுக்கும் நடுவில் வந்து நின்றாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் ஒரு டாக்டரை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

"அழிக்கக் கூடாதுங்க. இன்னும் ஒரு எழுத்து பாக்கி. அழிச்சா உள்ள எறங்கிரும். நீங்க மணிக்கட்டு வழியாத்தான போறீக? முதுகு ஒங்களுக்கு எதுக்கு?"

நியாயமான கேள்வி. எனக்கும் அதே சந்தேகம்தான். பெட்டி மேலே தொங்குகிறது, ஓட்டை கையில் போடுகிறார்கள், முதுகு என்ன பாவம் செய்தது?

டாக்டர் கோபப்படவில்லை. "மேல தொங்குதே, அது படம் பிடிக்கிறது மட்டும்தாம்மா. எக்ஸ்ரே புறப்படுற குழல் கட்டிலுக்கு அடியில இருக்கு. அங்கருந்து கிளம்பி முதல்ல இவர் முதுகுலதான் நுழையும். போன தடவ அடைப்பு கஷ்டமா இருந்ததால ரொம்ப நேரம் ஒரே கோணத்துல வச்சுப் பாக்க வேண்டியதாப் போச்சு. உடம்பும் பெருசு. பெரிய உடம்பு வழியா படம் தெரியணும்னா எக்ஸ்ரேயைக் கூட்டித்தான் விடணும். அப்படி ஒரே இடத்துல அதிகமா பட்டா, உடனே ஒண்ணும் தெரியாது. சில வாரம் கழிச்சு அந்த இடம் சிவக்கலாம்."

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. "அண்டா அடிபிடிச்சிருக்கு!" என்று கத்தினேன்.

"என்னது?"

"அடுப்பு கீழதான டாக்டர் எரியுது. கிளறாம ஒரே எடத்துல தீய வச்சா அடிபிடிக்கும். மேல பாத்தா பிரியாணி ஜம்முனு இருக்கும்."

டாக்டர் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஆனால் என் மனைவியிடம் திரும்பியபோது அது போய்விட்டது.

"இது அக்கியாவும் இருக்கலாம்மா. அப்படின்னா அதுக்கு மருந்து கொடுப்போம். நான் நினைக்கிறதா இருந்து, அது தெரியாம இன்னைக்கும் அதே இடத்துல எக்ஸ்ரே விட்டா, தோல் வெந்து புண்ணாயிரும். மாசக்கணக்குல ஆறாது. வேற இடத்துலருந்து தோல் எடுத்து வைக்கிற அளவுக்குப் போகலாம். அதுக்காகத் தள்ளிப்போடலாம்னா அவர் நெஞ்சு காத்திருக்காது. காவிக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்காம இவரை நான் அந்தக் கட்டில்ல படுக்க வைக்க மாட்டேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு என் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழித்தால் நான் செத்துவிடுவேன் என்று அவளுக்குப் பயம். அழிக்காவிட்டால் புண்ணாகும் என்கிறார் டாக்டர். அந்த நிமிஷத்தில் எனக்கு அவளை நினைத்துத்தான் வருத்தமாக இருந்தது. எனக்கென்ன, நான் சும்மா உட்கார்ந்திருக்கிறவன்.

"பஞ்சைக் குடுங்க" என்றாள் நர்ஸிடம். "வேற யாரும் தொட வேணாம். நானே அழிக்கிறேன்."

"தேய்க்காதீங்கம்மா. ஈரப் பஞ்சை வச்சு ஒத்தி ஒத்தி எடுங்க" என்றார் டாக்டர்.

வெதுவெதுப்பான தண்ணீர் முதுகில் பட்டது. அவள் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. எந்தச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டாளோ. கூச்சமாக இருந்தும் நான் சிரிக்கவில்லை, ஆடவில்லை. தட்டில் விழுந்த பஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. கொஞ்சம் கழித்து, "இம்புட்டு போதுமா டாக்டர்?" என்று கேட்டாள்.

"போதும்மா. எனக்கு வேண்டியது தெரியுது" என்றார் அவர்.

கேரம்போர்டின் மூலை மாதிரி ஓரம் நேர்கோடாக இருக்கிறதாம். அக்கி இப்படி அளவெடுத்து வராது, எக்ஸ்ரே விழுகிற கட்டம்தான் இந்த வடிவம் என்றார். நல்லவேளை, தோல் எங்கும் பிளக்கவில்லை. தோல் டாக்டர் ஒருவரை வரவழைத்துக் காட்டினார். வந்தவரிடம் முதல் வார்த்தையாக, ஏற்கனவே நீண்ட நேரம் எக்ஸ்ரே பட்ட இடம் என்று சொன்னார். அது தெரியாமல் சோதனைக்குத் தோலில் ஒரு துண்டு வெட்டி எடுத்தால் அந்த வெட்டே ஆறாமல் நின்றுவிடுமாம். கரண்டிக்காம்பு வைத்தியத்தையும் கதவு வைத்தியத்தையும் நான் ஒப்புக்கொண்டபோது இரண்டு டாக்டர்களும் ஒரே நேரத்தில் தலையில் கை வைத்தார்கள். சொறியக்கூடாது, ஒத்தடம் கூடாது, வெயில் கூடாது, காவியோ எண்ணெயோ எதுவும் கூடாது. கொப்புளம் வந்தாலோ தோல் உரிந்து புண்ணானாலோ உடனே வரவேண்டும். எத்தனை மாதம் கழித்து அப்படி ஆனாலும் சரி. இனி எந்த டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்ல வேண்டும். இத்தனையையும் என் மனைவி அங்கேயே ஒரு தரம் திருப்பிச் சொல்லிக் காட்டினாள்.

பிறகு அதே கட்டிலில் படுத்தேன். இந்த முறை எல்லாமே வேறு மாதிரி நடந்தது. முதுகின் அந்த இடத்தில் எக்ஸ்ரே படாதபடி கருவியைச் சாய்த்து வைத்தார்கள். படம் பிடிக்கிற பெட்டியை என் தொந்தியில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே இறக்கினார்கள். கிட்டே வந்தால் கொஞ்சம் எக்ஸ்ரேயே போதுமாம். தேவையான இடம் மட்டும் தெரியும்படி கட்டத்தைக் குறுக்கினார்கள். வேண்டாத நேரத்தில் டாக்டர் எக்ஸ்ரேயை ஓட்டுகிற மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார், திரை அப்படியே நின்றுவிடும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் கருவி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது.

"என்ன டாக்டர், கிளறுறீகளா?" என்றேன்.

"அடிபிடிக்கக் கூடாதுல்ல" என்றார்.

முகமூடிக்குள் அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு என்னவோ கல்யாண வீட்டில் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. இந்தக் குழாய் சமத்து, சொன்னதும் திறந்துகொண்டது.

சாயங்காலம் வார்டில் நர்ஸ் வந்து என்னை ஒருக்களிக்கச் சொல்லிப் பார்த்தாள். நான் கேட்டேன் என்பதற்காக என் போனிலேயே படம் எடுத்து என்னிடம் நீட்டினாள். இத்தனை பேர் பார்த்த என் முதுகை அன்றுதான் நானே பார்த்தேன். தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புக் கட்டம், சுற்றிலும் சுத்தமாக வெளுத்த தோல். கட்டத்தின் கீழ் மூலையிலிருந்து இடுப்பை நோக்கி ஒரு காவிக் கோடு இறங்கி, அழகாக வளைந்து, நுனியில் ஒரு குஞ்சம் வைத்திருந்தது.

"வாலு அப்படியே இருக்கே?" என்றேன்.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு என் மனைவியைப் பார்த்தாள். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"டாக்டர் போதும்னுட்டாரு. வாலு கட்டத்துக்கு வெளியதான கெடந்துச்சு. அதான் விட்டுட்டேன்." ஒரு சுளையை எடுத்து நாரை உரித்தாள். "அவரு ஒரு பக்கம் பாத்துக்கிறட்டும், அது ஒரு பக்கம் பாத்துக்கிறட்டும். எனக்கு நீங்க வேணும்."

முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியிருக்கிறோம். அந்தக் கடைசி வார்த்தையை அவள் அதுவரை சொன்னதே இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்புத்தான் வந்தது. தலைமாட்டில் நெஞ்சுத் துடிப்பைக் காட்டுகிற மெஷின் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"சிரிக்காம தின்னுங்க" என்று சுளையை வாயில் திணித்தாள்.

கட்டம் பிறகு கறுத்து, மெல்ல உரிந்து, இப்போது வெறும் தவிட்டு நிறமாக இருக்கிறது. அவள் விடாமல் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள், குரூப்புக்கு அனுப்புவதில்லை. முதுகை இனி தாராளமாக நனைக்கலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போதே சொல்லிவிட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து, அந்த வால் தானாக உதிர்ந்து போகிறவரை, நான் முதுகில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளவில்லை.